மறுப்புக் கடிதத்துக்குப் பிறகு

மன்னார் மாவட்டத்தின் கரையோர ஊர்களில் ‘புரொஜெக்ட்’ என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009 மே மாதம் போர் முடிந்ததிலிருந்து ஐ.நா. அமைப்புகள், ஐரோப்பிய ஒன்றியம், ஆசிய அபிவிருத்தி வங்கி, கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த தொண்டு நிறுவனங்கள் என்று பலரும் இந்தக் கரைக்கு வந்து போயிருக்கிறார்கள். வளவாளர், செயலமர்வு, பயனாளி, வாழ்வாதார உதவி ஆகிய சொற்கள் வலை, வாடி, சம்மாட்டி என்ற பழைய சொற்களோடு கலந்துவிட்டன. இந்த வரிசையில் சேர்ந்துகொண்ட இன்னொன்று, திட்ட முன்மொழிவு எழுதும் பயிற்சி. கொடுப்பதை வாங்கிக்கொள்பவர்களாகவே மக்களை வைத்திராமல், வேண்டியதைத் தாமே எழுதிக் கேட்கப் பழக்குவது அதன் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை, வெற்றியை அளக்கும் முறையில்தான் பிழை இருக்கிறது. எத்தனை சங்கங்கள் பயிற்சி பெற்றன, எத்தனை விண்ணப்பங்கள் போயின, எத்தனைக்குப் பணம் வந்தது என்று எண்ணுகிறோம். எந்த நிதியத்துக்கும் அது கொடுக்கக்கூடியதைவிட அதிகமான விண்ணப்பங்கள் வரும். ஆகவே பயிற்சி எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் விண்ணப்பித்தவர்களில் பலருக்கு ‘இல்லை’ என்ற பதிலே கிடைக்கும். அந்தப் பலரை மனதில் வைத்தே பயிற்சியை அமைக்க வேண்டும். மறுப்புக் கடிதம் வந்த மறுநாள் சங்கத்தின் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

மன்னாரைப் பொறுத்தவரை இது நடைமுறைக் கேள்வி. ஜெஃப் எனப்படும் உலகச் சுற்றாடல் நிதியம் 1992இல் சிறு மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக நடக்கும் அது இதுவரை 120க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கியிருக்கிறது. இலங்கைக்கு 1994இல் வந்தது. அதன் ஆறாவது கட்டத்தில் இலங்கைக்கென்று தெரிவான மூன்று நிலப்பரப்புகளில் ஒன்று, மன்னார்த் தீவிலிருந்து யாழ்ப்பாணம் வரையான கரையோரம். நக்கிள்ஸ் காடும் கொழும்பு நகரின் ஈரநிலங்களும் மற்ற இரண்டு. மன்னார் தெரிவானதற்குக் காரணங்கள் கண்முன்னே கிடக்கின்றன: பாக்கு விரிகுடாவின் கடற்புல் படுகைகள், விடத்தல்தீவுப் பக்கத்துக் கண்டற்காடுகள், 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயம், அங்கே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் பூநாரைகள், அருகிவரும் ஆவுளியா எனும் கடற்பசு. மானியத்தின் உச்ச வரம்பு நெடுங்காலம் 50,000 டொலராக இருந்தது. தனியாளுக்கு அது கிடைக்காது. சங்கத்துக்கும் உள்ளூர் அமைப்புக்கும்தான். விதிகள் பலவும் எளியவர்களுக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளூர் மொழியில் விண்ணப்பிக்கலாம். எழுத்துக்குப் பதில் காணொளியாகவோ படங்களாகவோ கூடக் கொடுக்கலாம். சங்கத்தின் பங்களிப்பை உழைப்பாகவும் பொருளாகவும் கணக்கிடலாம். முன்மொழிவைத் தயாரிப்பதற்கென்றே சிறு தொகை கேட்கலாம். ஆக, கதவு பூட்டப்படவில்லை. ஆனாலும் பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ உள்ள ஒரு சிறு சங்கம் அந்தக் கதவு வரை போய்ச் சேர்வது லேசான காரியமாக இல்லை.

இந்த நிலை மன்னாருக்கு மட்டும் உரியதன்று. உலக நிதியங்களின் ஆவணங்களில் ‘பழங்குடி மக்களும் உள்ளூர்ச் சமூகங்களும்’ என்ற தொடர் இரட்டைப் பிள்ளைகளைப் போலச் சேர்ந்தே வரும். இலங்கையில் முதற்பாதிக்கு உரியவர்கள் தம்பானையிலும், வாகரை, மூதூர் போன்ற கிழக்குக் கரைகளிலும் வாழும் வேடர் சமூகத்தார். மன்னாரின் கடற்றொழிலாளர் இரண்டாம் பாதியில் அடங்குவர். இருவருக்கும் பணம் வந்து சேரும் வழி ஒன்றே. வழியில் கசிவதும் ஒரே மாதிரித்தான். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் பிரித்தானியா, நோர்வே, ஜேர்மனி, அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளும் பல தனியார் நிதியங்களும் இந்தச் சமூகங்களின் காட்டுரிமைக்காக 170 கோடி டொலர் தருவதாக அறிவித்தன. மறு ஆண்டு அவர்களே வெளியிட்ட முதல் அறிக்கையின்படி, கொடுத்த பணத்தில் அச்சமூகங்களின் சொந்த அமைப்புகளுக்கு நேரடியாகப் போனது ஏறத்தாழ 7 சதவீதம். எஞ்சியது இடைநிலை நிறுவனங்கள் வழியே போனது. மனிதாபிமான உதவியிலும் இதே கதை. 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய கொடையாளர்கள் 2020க்குள் 25 சதவீதத்தை இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவோம் என்று ஒப்பமிட்டார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. கொடையாளர்களுக்கு மனமில்லை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. மனம் இருந்தவர்களே அறிவித்தார்கள். அவர்களுடைய படிவங்கள்தான் அதைத் தடுத்தன.

ஒரு படிவம் வெளிப்படையாகக் கேட்பது பத்துப் பதினைந்து கேள்விகள். வெளியே தெரியாமல் அது கேட்பவை வேறு. சங்கம் பதிவு செய்யப்பட்டதா? இலங்கையில் தேசிய அளவிலான தொண்டு நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் பிரதேச செயலகத்தோடு தொடர்புபட்டவை. வங்கிக் கணக்கு உண்டா, கடந்த ஆண்டுகளின் கணக்காய்வு அறிக்கை உண்டா, நிர்வாகத் தெரிவு நடந்த கூட்டத்தின் அறிக்கை உண்டா? பிரச்சினை இருக்கிறது என்பதற்குத் தரவு உண்டா? மூன்று மாதம் மூன்று மாதமாகப் பிரித்த செயற்பாட்டு அட்டவணை உண்டா? ஒரு நகர அலுவலகம் இவற்றை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். போரில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த ஊரின் சங்கத்திடம் பழைய பதிவேடே இருக்காது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலி ஊர்களிலிருந்தும் புத்தளத்துக்குப் போனபோது, சங்க உறுப்பினர் பட்டியலைத் தேடி எடுத்துக்கொண்டு போகவா அவகாசம் இருந்தது? இத்தகைய சங்கத்தின் செயலாளரை மண்டபத்தில் உட்காரவைத்து ‘இலக்கு’, ‘குறிக்கோள்’, ‘வெளியீடு’, ‘விளைவு’ என்று நான்கு கட்டங்களை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுப்பது, அத்திவாரம் போடாத வீட்டுக்குக் கூரை வேயும் வேலை.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும், தொழில் தெரிந்தவர்கள் தொழிலைப் பார்க்கட்டும், இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், மன்னாரில் நடப்பதும் பெரும்பாலும் அதுவே. அதற்கான விடையை இந்தக் கரையின் பழைய வரலாறே தருகிறது. அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. எந்தப் பாரில் எத்தனை வயதுச் சிப்பி கிடக்கிறது, எந்த நீரோட்டத்தில் இறங்கலாம், எப்போது இறங்கக் கூடாது என்பது குளியாட்களுக்கும் தோணிக்காரருக்கும் தெரிந்திருந்தது. அது வாய்வழி அறிவு. 1902இல் பிரித்தானியக் கடலுயிரியலாளர் ஹேர்ட்மன் வந்து ஆராய்ந்து, 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். 1906இல் அந்தப் பார்களை ஒரு பிரித்தானியக் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி வாய்க்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனி கலைந்துபோனது. அந்த அறிக்கை அறிவியல் அளவில் மதிப்புள்ளது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடலைப் பற்றிய ஏடு யார் கையில் இருந்ததோ, குத்தகை பேசும் மேசையில் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்குள் இறங்கியவர்களுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. வேறொருவர் எழுதிய விண்ணப்பத்தில் வரும் திட்டத்திலும் சங்கத்துக்கு அதே இடம்தான் கிடைக்கும். பிரச்சினை என்னவென்று எழுதியவர் தீர்மானிப்பார். தீர்வையும் அவரே தீர்மானிப்பார். ஊருக்கு மிஞ்சுவது பயனாளிப் பட்டியலில் ஒரு வரிசை எண்.

அப்படியானால் சங்கம் தானே எழுதும்போது எதைச் சேர்க்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல முன்மொழிவு ஒன்றுக்கு ஐந்து மூலப்பொருள்கள் தேவை: ஊரின் பருவகால அட்டவணை, வளங்களும் இறங்குதுறைகளும் குறித்த வரைபடம், பிரச்சினையைக் காட்டும் நாட்பதிவு, நேரான கணக்கு, ஊர் கூடி எடுத்த தீர்மானம். இந்த ஐந்தும் மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பயன்படுபவை. பருவகால அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு விரிகுடா. சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், தொழில் வடகடலுக்கு மாறும். வாடைக் காற்றில் நிலைமை தலைகீழாகும். இது நிதியத்துக்காரருக்குத் தெரியாது. அவர்களுடைய அட்டவணை ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். தொழில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் ‘சமூக அணிதிரட்டல்’ என்று போட்டுவிட்டால் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அறிக்கையில் ‘மக்களின் ஈடுபாடு போதாது’ என்று எழுதப்படும். ஊரே எழுதிய அட்டவணை கையில் இருந்தால் அந்தப் பிழையை முதல் நாளே திருத்தலாம். மானியம் இல்லாமற் போனாலும், வலைக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கடற்றொழில் திணைக்களத்தோடு பேசும்போது அதே தாள் பேச்சுக்கு அடித்தளமாகும்.

நாட்பதிவின் பெறுமதி இதைவிடக் கூடியது. இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவது வடபகுதிக் கடற்றொழிலாளரின் நீண்டகால முறைப்பாடு. இலங்கை 2017இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து தன் கடலில் இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் இழப்பு எவ்வளவு என்று கேட்டால், உணர்ச்சியோடு சொல்ல ஆயிரம் பேர் உண்டு. திகதி, இடம், வலையின் வகை, வாங்கிய விலை, பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு காட்டக்கூடிய சங்கங்கள் குறைவு. முன்மொழிவுக்குத் தரவு சேர்க்கிறோம் என்று தொடங்கி, ஒவ்வோர் இறங்குதுறையிலும் ஒரு கொப்பியைத் தொடர்ந்து நிரப்பி வந்தால், ஒரே ஆண்டில் அந்தச் சங்கம் சான்று உள்ள சங்கமாகிவிடும். அந்தக் கொப்பி நட்டஈட்டுக்கு உதவும், காப்புறுதிக்கு உதவும், வங்கிக் கடனுக்கும் உதவும். பணம் தரவந்த நிதியம் கைவிரித்தாலும் கொப்பி கைவிரிக்காது.

காற்றாலை விவகாரம் இதற்கு இன்னும் தெளிவான சான்று. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 விசையாழிகளோடு 103.5 மெகாவாட் திறனுள்ள தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதையடுத்து இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலுமாக முன்வைத்த பெருந்திட்டம் வழக்குகளையும் எதிர்ப்புகளையும் சந்தித்தது. 2025 பெப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் தொடர் போராட்டம் நடக்க, காற்றாலை வேலைகளை அரசு ஒரு மாதத்துக்கு நிறுத்தியது. இலங்கையின் சுற்றாடல் சட்டப்படி, பெருந்திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளில் என்ன எழுதுவது? மழைநீர் முன்பு எந்த வழியாக வடிந்தது, வீதி போட்ட பின் எங்கே தேங்குகிறது, கரைவலை இழுக்கும் இடங்கள் எவை, எந்த மாதத்தில் மீன் எங்கே படும் என்பவற்றை வரைபடத்தோடும் திகதியோடும் எழுதக்கூடிய சங்கத்தின் கடிதத்தை அதிகாரி எவரும் எளிதில் ஒதுக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அலுவலகம் ஒன்றிடம் கேள்வி கேட்பதற்கும் அதே திறமைதான் தேவை: தெளிவாக ஒரு கேள்வி எழுதுதல், இலக்கமிட்டுக் கோப்பில் வைத்தல், காலக்கெடு முடிந்ததும் மேன்முறையீடு செய்தல். மானியம் கேட்பது, உரிமை கேட்பது ஆகிய இரண்டும் ஒரே பயிற்சியில் விளையக்கூடியவை. முதலாவதை மட்டும் கற்பித்து நிறுத்துவதில் யாருக்கு லாபம் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கனமானது ஒன்றுண்டு. விண்ணப்பம் எழுதப் பழக்குவது மக்களைக் கையேந்தப் பழக்குவதே; நிதியம் எதைக் கேட்கிறதோ அதையே தம் பிரச்சினை என்று எழுத ஊர் கற்றுக்கொள்ளும் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருப்பவருக்கு அந்த நேரம் அதைவிடப் பெரிய துன்பம் கிடையாது. ஆனால் நிதியங்களின் அழைப்புகளில் மண்ணெண்ணெய்க்கு இடமில்லை. காலநிலைத் தாங்குதிறன், உயிர்ப்பல்வகைமை, நீலப் பொருளாதாரம் ஆகியவற்றுக்கே இடமுண்டு. ஆகவே எரிபொருளுக்கு அல்லாடும் ஊர், கண்டல் நாற்று நடுவதற்கு விண்ணப்பிக்கிறது. நாற்று தவறான இடத்தில் நடப்பட்டுப் பட்டுப்போகிறது. இந்த ஆபத்துக்கு ஒரே மருந்து, சங்கம் தன் தேவைகளின் வரிசையை எந்த அழைப்பும் வருமுன்பே எழுதித் தீர்மானமாக நிறைவேற்றி வைத்திருப்பது. அழைப்பு வரும்போது அது கேட்பது அந்த வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் விடலாம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத சங்கத்துக்கு வேண்டும் என்று எழுதும் தகுதி இன்னும் வரவில்லை என்றே கொள்ள வேண்டும். கையேந்தும் பழக்கத்தை வளர்ப்பது எழுத்துப் பயிற்சியன்று. தெரிவு செய்யும் அதிகாரம் இல்லாத நிலைதான் அதை வளர்க்கிறது.

அடுத்து வருவது, சிறு சங்கங்களால் பெரிய பணத்தைக் கணக்கோடு கையாள முடியாது என்ற அச்சம். கையாடல் எங்கும் நடக்கும். பெரிய நிறுவனங்களிலும் நடந்திருக்கிறது. மன்னார்க் கரையில் கணக்கு வைக்கும் மரபே இல்லை என்பதுபோலப் பேசுவது மட்டும் பொருந்தாது. வடபகுதியின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அவற்றின் சமாசங்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு; கூட்டுறவுத் திணைக்களம் அவற்றின் கணக்கைப் பார்க்கிறது; உறுப்பினர் சந்தா, சேமிப்பு, கடன் எல்லாம் அங்கே ஏட்டில் ஏறுபவை. போர் நடந்துகொண்டிருந்த 1990களின் இறுதியில் ஷிரீன் சறூர் முன்னின்று தொடக்கிய மன்னார் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனம், தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே அமைப்பில் சேர்த்துச் சிறு கடன் குழுக்களாக நடத்தியது. ஆக, திறமைக்கு விதை இங்கேயே இருக்கிறது. பணத்தைத் தவணையாகக் கொடுத்து, முதல் தவணையின் கணக்கைப் பார்த்து அடுத்ததை விடுவிப்பது சிறு மானியங்களில் வழக்கமான முறை. அதோடு கணக்கைக் கொழும்புக்கு அனுப்புமுன் ஊர்க் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் செய்தால், ஒரு கூடை ஐஸ் என்ன விலை என்று தெரிந்த நூறு கணக்காய்வாளர்கள் இலவசமாகக் கிடைப்பார்கள்.

மூன்றாவது தடை ஊருக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்ற கேள்வி வந்ததும், படித்த, பேசத் தெரிந்த, நேரம் உள்ள ஒருவர் தெரிவாகிறார். இரண்டு ஆண்டில் அவரே ஊரின் ‘புரொஜெக்ட்காரர்’ ஆகிவிடுகிறார். பிறகு அவருக்கு ஒரு நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது. கற்றதும் கோப்பும் அவரோடு போகின்றன. கடற்றொழிலாளர் சங்கங்களின் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆண்கள். வலையிலிருந்து நண்டு கழற்றுவது, கருவாடு காயவைப்பது, விற்பது, வீட்டுக் கடனைச் சமாளிப்பது என்று தொழிலின் மறுபாதியைச் சுமக்கும் பெண்கள் மாதர் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆண்கள் எழுதும் முன்மொழிவில் இயந்திரமும் வலையும் வரும். கருவாட்டுக்கு நிழற்பந்தலோ நண்டு வாடிக்குக் குடிநீரோ வராது. ஆகவே ஒருவரைப் பயிற்றும் முறையைக் கைவிட்டு, ஒரு சங்கத்திலிருந்து மூவரையாவது பயிற்ற வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கோப்பு எவர் வீட்டிலும் இராமல் சங்கக் கட்டடத்தில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவரும் சொல்லித் திருத்தும்படி வரைவை வாசித்துக் காட்ட வேண்டும்.

மன்னாருக்கே உரிய சிக்கல் இன்னொன்று. முசலியிலும் தீவிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலிலும் ஒரே இறங்குதுறைகளிலும் தொழில் செய்கிறார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கும் போர்க்காலம் முழுக்க இங்கேயே இருந்தவர்களுக்கும் இடையே இடம், வீடு, தொழில் உரிமை ஆகியவை பற்றி மனக்கசப்புகள் எழுந்ததுண்டு. மறிச்சுக்கட்டிப் பகுதியில் 2012இல் நிலங்கள் வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டபோது, திரும்பி வந்தவர்கள் தம் பழைய காணியை நிரூபிக்க ஆவணம் தேடி அலைந்தார்கள். இத்தகைய இடத்தில் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே விண்ணப்பித்தால் பக்கத்து ஊர் போட்டியாளராகிவிடும். எவருக்குக் கிடைத்தது, எவருக்கு இல்லை என்பது இன்னொரு குறையாகச் சேரும். கடற்புல் படுகைக்கு ஊர் எல்லை கிடையாது. ஒரே படுகையை நம்பியிருக்கும் இரண்டு மூன்று சங்கங்களை ஒரே பயிற்சியில் உட்காரவைத்து, ஒரே வரைபடத்தை வரையச் செய்தால், முன்மொழிவு தோற்றாலும் இரு தரப்பும் ஒப்பமிட்ட வரைபடம் ஒன்று மிஞ்சும். மன்னாரில் அப்படியொரு தாள், சில மானியங்களைவிடப் பெறுமதியானது.

கடைசியாக, நிதியே வற்றிவரும் காலத்தில் இந்தப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது; அதன் உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் அந்த ஆண்டு நடுப்பகுதியில் மூடப்பட்டது; ஐரோப்பிய நாடுகள் பலவும் உதவித் தொகையைக் குறைக்கின்றன. மானியம் வெல்வதே பயிற்சியின் குறி என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சங்கத்தின் கையில் மிஞ்சுவதே குறி என்றால், பணம் குறையும் காலத்தில்தான் பயிற்சிக்கு மதிப்புக் கூடுகிறது. பிரதேச செயலகத்தின் ஆண்டுத் திட்டம், மாகாண சபையின் ஒதுக்கீடு, கூட்டுறவு வங்கி, ஓலைத்தொடுவாயில் கடலட்டைக் குஞ்சு உற்பத்தி நிலையம் வைத்திருக்கும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை, காற்றாலைக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று உள்நாட்டிலேயே கேட்க வேண்டிய இடங்கள் பல உள்ளன. லண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் தொலைபேசி அழைப்பு ஒன்றை நம்பிப் பணம் அனுப்புகின்றன. கணக்கு வராதபோது மனம் நொந்து நிறுத்தியும் விடுகின்றன. வரைபடமும் நாட்பதிவும் காசேடும் உள்ள சங்கம் இவர்கள் அனைவரோடும் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு பேசலாம்.

இவ்வளவும் சங்கங்கள் கற்க வேண்டியவை. பணம் தருபவர்கள் கற்க வேண்டியதும் குறைவில்லை. காணொளியை ஏற்போம், தமிழில் ஏற்போம் என்று விதி இருந்தால் மட்டும் போதாது. அழைப்பு அறிவித்தலே தமிழில், சங்கப் பலகையில் ஒட்டக்கூடிய ஒற்றைத் தாளாக வர வேண்டும். தொழில் உச்ச மாதங்களில் இறுதித் திகதி வைக்கக் கூடாது. தயாரிப்புக்கான சிறு தொகை இருக்கிறது என்பதை ஒளித்துவைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் ஏன் என்பதை இரண்டு பக்கம் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். ‘இம்முறை தெரிவு செய்ய இயலவில்லை’ என்ற ஒற்றை வரியில் எவரும் எதையும் கற்க முடியாது. எந்தத் தரவு போதவில்லை, எந்தச் செலவு பொருந்தவில்லை என்று சொல்லும் மறுப்பே மிகச் சிறந்த பாடம். அதற்கு நிதியத்துக்கு ஆகும் செலவு ஓர் அலுவலரின் அரைநாள். பழங்குடி அமைப்புகளுக்கென ஐ.நா.வின் விவசாய அபிவிருத்தி நிதியமான ஐஃபாட் 2007 முதல் நடத்தும் சிறு மானிய வசதியில், பழங்குடிப் பிரதிநிதிகளே பெரும்பான்மையாக இருந்து தெரிவு செய்கிறார்கள். மன்னார்க் கரைக்கான தெரிவுக் குழுவில் கடற்றொழிலாளரும் மாதர் சங்கத்தாரும் ஏன் அமரக் கூடாது? ஒருமுறை விண்ணப்பங்களை மதிப்பிட்டவருக்கு அடுத்த முறை எழுதுவது எப்படி என்று எந்த வளவாளரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

பயிற்சியின் வடிவமும் இதற்கேற்ப மாற வேண்டும். இரண்டு நாள் செயலமர்வை ஓராண்டுக்குப் பரப்பி, மாதம் ஒரு மாலை, தொழில் ஓய்ந்த நேரத்தில், சங்கக் கட்டடத்தில் நடத்தலாம். முதல் ஆறு மாதம் படிவத்தைக் கண்ணில் காட்டவே வேண்டாம். பதிவு, கணக்கு, நாட்பதிவு, வரைபடம், தேவை வரிசை ஆகியவை முடிந்த பிறகு படிவம் வரட்டும். அப்போது அதை நிரப்ப இரண்டு மாலை போதும். ஓராண்டு முடிவில் பயிற்சி நடத்திய நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எத்தனை சங்கங்களின் கோப்பு இன்று சங்கக் கட்டடத்தில் இருக்கிறது? எத்தனை சங்கங்கள் அந்தக் கோப்பை மானியம் அல்லாத ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தின? பயிற்சி பெற்றவர் ஊரை விட்டுப் போனால் வேலை தொடருமா? தன் தேவை வரிசையில் இல்லாத திட்டம் ஒன்றை ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பிய சங்கம் ஒன்றாவது உண்டா? இந்த நான்குக்கும் விடை இருந்தால், கிடைத்த டொலரின் தொகையை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். விடை இல்லாவிட்டால், எவ்வளவு டொலர் வந்திருந்தாலும் அந்தப் பயிற்சி தோற்றது என்றே எழுத வேண்டும்.